சின்ன வயதில் என்னிடம் பிஎஸ்பி இருந்ததில்லை

என் மேசையில் கிடக்கும் பிஎஸ்பியை, அதாவது சோனியின் கையடக்க வீடியோ கேம் கருவியைப் பார்க்கிறவர்கள் எல்லாரும் ஒரே மாதிரி சிரிக்கிறார்கள். "பழைய ஞாபகமா?" என்கிறார்கள். இல்லை. இது ஜப்பானில் வெளிவந்த 2004 டிசம்பரில் எங்கள் வீட்டில் வீடியோ கேம் என்ற பேச்சுக்கே இடமில்லை. பிறகு கூடப் படித்த ஒருவனிடம் இருந்தது. அவன் தோளுக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்த்ததோடு சரி. நான் வாங்கியது போன வருடம்தான், செகண்ட் ஹேண்டில், 3000 மாடல். அதனால் ஞாபகத்துக்காக இதை வைத்திருக்கவில்லை. இன்றைக்கும் இது நல்ல சாமான் என்பதே என் கட்சி.

"போனிலேயே எமுலேட்டர் போட்டு ஆடலாமே?" ஆடலாம்தான், பழைய கருவியின் ஆட்டங்களைப் போனில் ஓடவைக்கும் செயலி அது. படம் இதைவிடத் துல்லியமாகவே தெரியும். நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன், 'பட்டபொன்' வரும்வரை.

2007-இல் வந்த ஆட்டம் அது. கறுப்பு உடம்பும் ஒற்றைக் கண்ணுமாக ஒரு குட்டிப் படை. அதற்கு நாம்தான் தெய்வம். நான்கு பட்டன்களும் நான்கு முரசுகள்: சதுரம் பட்ட, வட்டம் பொன், முக்கோணம் சாக்கா, பெருக்கல் டொன். பட்ட-பட்ட-பட்ட-பொன் என்று தாளம் பிசகாமல் தட்டினால் படை பாடிக்கொண்டே முன்னே நடக்கும். பொன்-பொன்-பட்ட-பொன் என்றால் ஈட்டி பறக்கும். தாளம் தவறினால் அப்படியே விழித்துக்கொண்டு நிற்கும். கொன்னக்கோல்போல வாயால் சொல்லிக்கொண்டே ஆடினால்தான் எனக்குக் கை நிற்கிறது. (வீட்டில் என்னை ஒரு மாதிரி பார்க்கிறார்கள், அது வேறு விஷயம்.) போனில் ப்ளூடூத் இயர்போனோடு இதை ஆடிப் பாருங்கள். சத்தம் ஒரு துளி தாமதமாக வரும்; அந்த ஒரு துளியில் படையே காலி. கண்ணாடித் திரையில் பட்டன் எங்கே என்று விரலுக்கும் தெரியாது. பிஎஸ்பியில் ஒயர் வைத்த இயர்போன், அமுங்குகிற பட்டன். அவ்வளவுதான் வித்தியாசம், ஆனால் இந்த ஆட்டத்துக்கு அதுதான் எல்லாமே.

குறை இல்லையா? கட்டைவிரலால் எல்லாத் திசையிலும் தள்ளுகிற அனலாக் ஸ்டிக் இதில் ஒன்றே ஒன்று. மான்ஸ்டர் ஹண்டர் என்ற வேட்டை ஆட்டத்தை ஆடினவர்கள் கட்டைவிரலால் ஆளை நடத்திக்கொண்டே, ஆள்காட்டி விரலை வளைத்து அம்புக்குறி பட்டன்களில் கேமராவைத் திருப்பிய நண்டுப்பிடியை எளிதில் மறக்க மாட்டார்கள்.

சினிமா விஷயத்தில்தான் இந்தக் கருவியின் விதி வேடிக்கையானது. யுஎம்டி என்று 1.8 ஜிபி பிடிக்கிற ஒரு குட்டித் தட்டை இதற்காகவே உருவாக்கினார்கள். அதில் ஹாலிவுட் படங்களும் வந்தன. கிட்டத்தட்ட டிவிடி விலை கொடுத்து, இந்த ஒரு கருவியைத் தவிர வேறெதிலும் ஓடாத தட்டை யார் வாங்குவார்கள்? 2006-லேயே ஸ்டுடியோக்கள் பின்வாங்கத் தொடங்கிவிட்டன.

நான் யுஎம்டியில் படம் பார்ப்பதில்லை. என்னிடம் இருக்கும் டிவிடிகளை இதன் திரைக்கேற்ப 480-க்கு 272 பிக்சல் அளவில் எம்பி4 ஆக மாற்றி மெமரி ஸ்டிக்கில் போட்டுக்கொள்கிறேன். இரண்டரை மணி நேரப் படம் 700 எம்பிக்குள் அடங்குகிறது. சப்டைட்டிலைத் தனி ஃபைலாகக் கொடுத்தால் இது காட்டாது. மாற்றும்போதே படத்தின் மேல் பதித்துவிட வேண்டும், அதுவும் கொஞ்சம் பெரிய எழுத்தில். முதல் முறை சின்ன எழுத்தில் பதித்துவிட்டு, ஒரு கொரியப் படம் முழுக்கக் கண்ணைச் சுருக்கியே பார்த்தேன்.

4.3 அங்குலத் திரையில் சினிமாவா என்று கேட்கலாம். பெரிய டிவியில் பார்க்கும்போது கையில் போனும் இருக்கிறது. பாதிப் படம் அதில் போய்விடுகிறது. இதைப் பிடிக்க இரண்டு கையும் வேண்டும். வாட்ஸப் கிடையாது. இதன் பழைய வைஃபை எங்கள் வீட்டு ரூட்டரோடு ஒட்டுவதே இல்லை, அதுவும் நல்லதாகப் போயிற்று. நடுவில் யாராவது கூப்பிட்டால் பவர் சுவிட்சை ஒரு தள்ளு, தூங்கிவிடும். மறுநாள் இன்னொரு தள்ளு, ஆட்டமானால் விட்ட இடத்திலேயே நிற்கும்.

ஒரே கவலை பேட்டரி. பழையது பலாக்கொட்டைபோல உப்பி, பின்மூடியையே தள்ளிவிட்டது. நல்லவேளை, உடனே கழற்றிவிட்டேன். பதிலுக்கு ஒரு கடையில் வாங்கிய டூப்ளிகேட் முக்கால் மணி நேரம்கூட நிற்கவில்லை, ஒரு படத்தின் இடைவேளையைக் கூட அது பார்த்ததில்லை. இப்போதைக்குச் சார்ஜரைச் செருகிக்கொண்டு சுவரோரமாக உட்கார்ந்து பார்க்கிறேன். 3000 மாடலுக்கு நம்பி வாங்கக்கூடிய பேட்டரி எங்கே கிடைக்கும் என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள். 'போனில் பாரு' என்பவர்கள் மேலே இரண்டாவது பத்தியிலிருந்து மறுபடி படிக்கவும்.