வேலை மாறலாம், கட்டடம் ஏன் போக வேண்டும்?

நேற்று ஒரு பதிவின் கீழே நடந்த விவாதத்தைப் பலர் பார்த்திருப்பீர்கள். சென்னை அண்ணா சாலையிலுள்ள பழைய பாரத் இன்சூரன்ஸ் கட்டடத்தைப் பற்றிப் பேச்சு வந்ததும், "எதற்கும் உதவாத பேய் பங்களா, இடித்துவிட்டு பார்க்கிங் கட்டுங்கள்" என்று ஒருவர் எழுதினார். அதற்கு விழுந்த லைக்குகளைப் பார்த்த பிறகு சும்மா இருக்க முடியவில்லை.

1897-இல் டபிள்யூ.ஈ. ஸ்மித் நிறுவனம் மருந்துக்கடைக்காக எழுப்பியபோது அது கார்டைல் பில்டிங். 1934-இல் பாரத் இன்சூரன்ஸ் வாங்கியது. 1956-இல் ஆயுள் காப்பீடு தேசியமயமானதும் எல்.ஐ.சி.யின் கைக்கு வந்தது. மருந்து விற்ற இடத்தில் காப்பீட்டு அலுவலகம் வந்தது, அதன்பின் வாடகைக்காரர்கள் வந்தார்கள். ஒவ்வொரு முறையும் வேலைதான் மாறியதே தவிர, கட்டடத்தை யாரும் மாற்றச் சொல்லவில்லை. ஆளைக் காலி செய்துவிட்டுப் பூட்டிப் போட்டவர்கள் உரிமையாளர்கள்; பழி மட்டும் செங்கலுக்கா?

அண்ணா சாலையில் வேலை பார்த்த நாட்களில் மதிய இடைவேளையில் அந்தப் பக்கமாக நடப்பேன். வளைவு ஒன்றின் செங்கல் இடுக்கில் அரசங்கன்று ஒன்று முளைத்திருந்தது. அடுத்தடுத்த மழைக்காலங்களில் அதன் வேர் காரையைப் பிளந்துகொண்டு கீழே இறங்கியதைப் பார்த்திருக்கிறேன். அதைப் பிடுங்க ஓர் ஆளும் ஓர் ஏணியும் போதும். அதைச் செய்யாமல் விட்டுவிட்டு, "கட்டடம் பலவீனமாகிவிட்டது" என்று சான்றிதழ் தருவது நல்ல தொழில்நுட்பம்தான்!

"பாதசாரி தலையில் விழுந்தால் நீ பொறுப்பேற்பாயா?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி, அதற்காகத்தான் பழுது பார்க்கச் சொல்கிறோம். "செலவு?" சுண்ணாம்புக் காரையில் கட்டிய சுவரில் சிமெண்டைப் பூசினால் ஈரம் உள்ளேயே தங்கிச் செங்கல் பொரிந்து உதிரும் என்பதால், இதற்குத் தெரிந்த கொத்தனார்கள் வேண்டும், பணமும் கூடுதலாகும். மறுக்கவில்லை. "வெள்ளைக்காரன் கட்டியது" என்பவர்களுக்குப் பதில் சொல்லப் பொறுமை இல்லை. செங்கல் சுமந்தவர்கள் லண்டனிலிருந்து வரவில்லை.

2006-இல் இடிக்கவே தொடங்கிவிட்டார்கள். மரபுக் கட்டடங்களைக் காக்கப் பாடுபடும் இன்டாக் அமைப்பு உயர் நீதிமன்றம் போயிராவிட்டால் நேற்றைய விவாதமே நடந்திருக்காது. 2010-இல் இடிக்கக் கூடாது என்று தீர்ப்பும் வந்தது. அதன் பிறகும் ஆண்டுக்கணக்கில் பூட்டியே கிடந்தது, ஏனென்றால் இடிக்காதே என்ற உத்தரவு பராமரிப்பு ஆகிவிடாது. 2012-இல் நிறைவேறிய மரபுச்சின்ன ஆணையச் சட்டம் நடைமுறைக்கு வரவே பத்தாண்டுகளுக்கு மேல் ஆன மாநிலம் இது.

அதே சாலையில் பழைய ஸ்பென்சர் கட்டடம் தீயில் போனது. அந்த இடத்தில் வந்த மாலில் இன்று எத்தனை கடைகள் மூடிக்கிடக்கின்றன என்று ஒரு நடை போய்ப் பாருங்கள். அதையும் எதற்கும் உதவாதது என்று இடிப்பீர்களா? 1985-இல் சென்ட்ரல் பக்கத்திலிருந்த பழைய சந்தையான மூர் மார்க்கெட் எரிந்தபோது புலம்பியவர்களை முன்னேற்றத்துக்கு எதிரிகள் என்றார்கள். இப்போது எங்களுக்கு "நாஸ்டால்ஜியா கும்பல்" என்று பெயர். அதையும் இருபது ஆண்டு நட்பில் இருப்பவரே எழுதினார், அதுதான் வலிக்கிறது. பார்க்கிங் கேட்டவர் ஒன்று மட்டும் செய்யட்டும்: பழுது பார்ப்பதற்கும் இடித்துப் புதிதாகக் கட்டுவதற்கும் ஆகும் எஸ்டிமேட் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டட்டும். அதுவரை அவருடைய பின்னூட்டங்களுக்கு நான் பதில் எழுதுவதாக இல்லை.