சத்தியம் வாங்குவதற்கு முன்
குடிப்பழக்கமுள்ள தொழிலாளியை மேற்பார்வையாளர் தனியே அழைத்து, நாளை முதல் தொடுவதில்லை என்று சத்தியம் வாங்கிவிட்டாலே பாதிப் பிரச்சினை தீரும் எனத் தொழிலாளரின் குடிப்பழக்கம் பற்றிய கட்டுரை ஒன்றில் அதன் ஆசிரியர் எழுதியிருப்பதை, மன்னார்குடிப் பக்கத்து அரிசி ஆலை ஒன்றில் ஒன்பது ஆண்டுகள் மேற்பார்வையாளராக இருந்த என்னால் ஏற்க முடியவில்லை. சம்பா நெல் வந்து குவிந்துகொண்டிருந்த ஒரு தை மாதத்தில், கொதிகலனுக்கு உமி தள்ளும் பணியில் இருந்தவரிடம் நானும் அப்படித்தான் சத்தியம் வாங்கினேன். அவர் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார், அதுவே வினையாயிற்று. மறுநாள் கை நடுங்கியது. மூன்றாம் நாள் எதிரில் இல்லாத ஆட்களோடு பேசத் தொடங்கினார். நெடுங்காலம் அன்றாடம் குடித்தவர் திடீரென நிறுத்தினால் முதல் இரண்டு நாள்களில் வலிப்பும், 48 முதல் 72 மணி நேரத்தில் கடும் மனக்குழப்பமும் வரக்கூடும், உயிரே போகவும் கூடும் என்பது, அவரைத் தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் சேர்த்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது. குடித்திருக்கிறாரா என்று ஊதிப் பார்க்கும் கருவியை ஆலை வாயிலில் வைத்தால் போதும் என்று அந்தக் கட்டுரைக்குக் கருத்து எழுதியிருக்கும் நண்பரும் இதைக் கவனிக்க வேண்டும்: அந்த மூன்றாம் நாள் அவர் ஊதியிருந்தால் கருவி பூஜ்யம்தான் காட்டியிருக்கும், ஆனால் கொதிகலன் அருகே நிற்கவே தகாத நிலையில் அவர் இருந்தார். நடுக்கம், திங்கட்கிழமை வராமை, வேலைப் பிழை ஆகியவற்றைத் தேதியோடு குறித்து வைத்து, முதலில் மருத்துவரிடம் அனுப்புவதும், சிகிச்சை நாள்களுக்குக் கூலி பிடிக்க வேண்டாம் என்று முதலாளியிடம் வாதாடுவதுமே மேற்பார்வையாளரின் வேலை (எங்கள் முதலாளி பாதிக் கூலிக்குத்தான் இணங்கினார்). திரும்பி வந்தவரை நான் மீண்டும் கொதிகலனுக்கு அனுப்பவில்லை. சாக்குத் தைக்கும் பகுதியில் அமர்த்தினேன்.