கார்பன் அப்புறம், முதலில் ஃப்ரீவீலை மாற்றுங்கள்

தர்மபுரியில் காலையில் சைக்கிள் மிதிக்கிற கூட்டம் கொஞ்சம் கொஞ்சமாகப் பெருகி வருகிறது, ரொம்ப சந்தோஷம். ஆனால் டீக்கடையில் நின்றால் பேச்சு முழுக்க கார்பன் ஃப்ரேம்தான். யார் வாங்கப் போகிறார், எத்தனை கிலோ, எத்தனை லட்சம். எனக்கு இதில் மாற்றுக் கருத்து உண்டு. நம்ம மாவட்டத்து ரோட்டுக்கு முதல் காசு ஃப்ரீவீலுக்கும் (பின்சக்கரத்தில் செயின் ஓடுகிற பல்சக்கரம்) டயருக்கும்தான் போக வேண்டும்.

ஈசிஆரில் மிதிப்பவர்களுக்குச் சமதளம். நமக்கு எந்தப் பக்கம் திரும்பினாலும் மேடு. பென்னாகரம் தாண்டி ஒகேனக்கல் இறங்குவது சுகம்தான், ஆனால் வெயில் ஏறிய பிறகு அதே ரோட்டில் திரும்பி ஏறணுமே! கிருஷ்ணகிரியிலிருந்து சூளகிரி வழியாக ஓசூர் போனாலும் ஏற்றம்தான். வத்தல்மலையைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

என்னுடையது சாதாரண ஹைப்ரிட். முன்னால் 28, 38, 48 பல் என மூன்று சக்கரம், பின்னால் 14 முதல் 28 பல் வரையுள்ள ஃப்ரீவீலோடு வந்தது. இரண்டு பக்கமும் 28-இல் போட்டால் பெடல் ஒரு முழுச் சுற்று மிதித்தால் சக்கரமும் ஒரு சுற்று, அதாவது 2.1 மீட்டருக்குக் கொஞ்சம் மேல். 14-34 ஃப்ரீவீல் மாட்டிய பிறகு அதே மிதிக்குச் சுமார் 1.8 மீட்டர். காலுக்கு விழும் பாரத்தில் ஆறில் ஒரு பங்குக்கு மேல் போயே போச்சு. ஃப்ரேமில் 3 கிலோ குறைத்தால் என்ன கிடைக்கும்? ஆளும் சைக்கிளும் சேர்ந்து 85 கிலோ என்றால், 4 சதவீதம்கூட வராது. விலையோ பல மடங்கு. வாங்கும் முன் உங்கள் பின் டீரெய்லர் (செயினைக் கியருக்குக் கியர் நகர்த்துகிற பாகம்) 34 பல்லைத் தாங்குமா, செயின் நீளம் போதுமா என்று மட்டும் மெக்கானிக்கிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

செயினையும் அளந்து பாருங்கள். செயின் கண்ணிகளைக் கோக்கிற ஒரு பின்னின் நடுவில் ஸ்கேலின் பூஜ்யத்தை வைத்தால், 12 அங்குலத்தில் இன்னொரு பின்னின் நடு சரியாக விழணும். அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு தள்ளியிருந்தால் செயின் மாற்றும் நேரம் வந்துவிட்டது. எட்டில் ஒரு பங்கு என்றால் பல்லையும் தின்றிருக்கும். தேய்ந்த செயினைப் புது ஃப்ரீவீலில் மாட்டுவது காசைக் கரியாக்குகிற வேலை.

அடுத்து டயர். நம்ம ஊர் ஓரமெல்லாம் சீமைக் கருவேலம். அந்த முள் டயருக்குள்ளேயே உடைந்து நிற்கும், வெளியே பார்த்தால் தெரியாது. புது ட்யூப் போட்டதும் மறுபடி இறங்குவது இதனால்தான். டயரின் உள்பக்கம் முழுக்க விரல் நுனியால் மெதுவாகத் தடவுங்கள், ஓரிடத்தில் சுருக்கென்று இடறும். அதைப் பிடுங்கிவிட்டுத்தான் ட்யூப். 23, 25 மில்லிமீட்டர் அகல ஒல்லி டயரை விட, பஞ்சர் தடுப்புப் பட்டை வைத்த 35 நம்ம ரோட்டுக்கு எவ்வளவோ மேல். பிரெஸ்டா என்கிற ஒல்லி வால்வு வைத்திருந்தால் ஒரு பித்தளை அடாப்டர் பையில் இருக்கட்டும், அது இல்லாமல் பஞ்சர் கடைக் காற்றுக் குழாய் பொருந்தாது.

எனக்கும் ஆசை இல்லாமல் இல்லை. ஸ்டீல் ஃப்ரேம், டிஸ்க் பிரேக், பின்னால் பை மாட்ட இடம், 40 அளவு டயர். அப்படி ஒரு டூரிங் சைக்கிளில் தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி என்று சுற்றணும். 2025 செப்டம்பரில் சைக்கிளுக்கான ஜிஎஸ்டி 12 சதவீதத்திலிருந்து 5 ஆகக் குறைந்ததிலிருந்து அந்த ஆசை இன்னும் கூடியிருக்கிறது.

ஆனால் அதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. பதினொன்றாம் வகுப்பில் அரசு தருகிற விலையில்லா சைக்கிளுக்கு கியர் கிடையாது. பென்னாகரம் பக்கத்து மேட்டில் பிள்ளைகள் புத்தகப் பையோடு இறங்கித் தள்ளிக்கொண்டு போகிறார்கள். பின்னால் 18 பல் இருந்தால் 22 பல் ஃப்ரீவீல் போட்டுக் கொடுக்கலாம், செயினில் ஒரு கண்ணி சேர்க்க வேண்டி வரும். சமதளத்தில் வேகம் கொஞ்சம் குறையும், அதனால் ஒன்றும் மோசமில்லை. நம்ம குரூப்பில் ஆளுக்கு ஒரு ஃப்ரீவீல் வாங்கினாலே ஒரு ஞாயிற்றுக்கிழமையில் முடிகிற வேலை. ஃப்ரீவீல் கழற்றுகிற டூல் என்னிடம் இருக்கிறது. வருகிறவர்கள் சொல்லுங்கள்.