குளுக்கோஸ் கேட்ட முனிராஜ்

(கிருஷ்ணகிரி பக்கம் ஒரு துணை சுகாதார நிலையம். முனிராஜ், மாங்கூழ் ஃபேக்டரித் தொழிலாளி. எதிரே கிராம சுகாதார செவிலியர்.)

முனிராஜ்: சிஸ்டர், ஒரே ஒரு குளுக்கோஸ் பாட்டில் ஏத்திடுங்க. என் சம்சாரம் மாசமா இருக்கா, எட்டாவது வாரம், குடலே வெளிய வர்ற மாதிரி வாந்தி எடுக்கறா.

சிஸ்டர்: பல நாளா சாப்பாடு நிக்காத உடம்புல வைட்டமின் பி1 ஊசி போடாம குளுக்கோஸ் ஏத்தினா மூளையே பாதிக்கலாம். தேவைப்பட்டா ஆஸ்பத்திரியில முதல்ல சலைன்தான், அதாவது உப்புத்தண்ணி பாட்டில். யூரின் ஒழுங்கா போகுதா?

முனிராஜ்: அதை எப்படி சிஸ்டர் கேக்கறது?

சிஸ்டர்: வாயாலதான். 8 மணி நேரம் போகலைன்னா, கடுங்காப்பி நிறத்துல போனா, ஒரு நாள் முழுக்க தண்ணிகூட நிக்கலைன்னா, 50 கிலோ இருந்தவ 47½-க்கு இறங்கினா, உடனே ஆஸ்பத்திரி.

முனிராஜ்: அவ்வளவுக்கு இல்ல. டாக்டர் எழுதின மாத்திரைதான் சரியில்ல. வாந்தி எடுக்கறப்பல்லாம் பொடிச்சுப் பால்ல குடுத்தேன்.

சிஸ்டர்: பொடிச்சீங்களா! பகல்லயும் தூங்கி வழிஞ்சிருப்பாளே?

முனிராஜ்: ஆமா. மசக்கைச் சோர்வுன்னு நினைச்சேன்.

சிஸ்டர்: அதுல டாக்சிலமின்ங்கற வாந்தி மருந்து 10 மில்லிகிராம், வைட்டமின் பி6 10 மில்லிகிராம். தூக்கம் வரத்தான் செய்யும். மேலுறை மெதுவா கரைஞ்சு விடியக்காலையில வேலை செய்யணும்னுதான் ராத்திரி ரெண்டுன்னு எழுதியிருக்கு. முழுசா விழுங்கணும், எழுதின அளவுதான்.

முனிராஜ்: அக்கா மிச்சம் வெச்ச சத்து மாத்திரையும் குடுத்தேனே?

சிஸ்டர்: இரும்பு மாத்திரையா? வயித்தை இன்னும் புரட்டும். அது நாலாவது மாசத்துல. இப்ப ஃபோலிக் ஆசிட் போதும். காலையில என்ன சாப்பிடறா?

முனிராஜ்: அம்மா சுடச்சுட ராகிக் களி, கருவாட்டுக் குழம்பு...

சிஸ்டர்: நல்லா இருக்கற எனக்கே குமட்டுது! கண் முழிச்சதும் படுக்கையிலயே ரெண்டு ரஸ்க். கால் மணி நேரம் கழிச்சு எழுந்திரிக்கட்டும். வெறும் வயித்துலதான் குமட்டல் ஏறும், அதனால ரெண்டு மணி நேரத்துக்கு ஒருவாட்டி கொஞ்சமா ஆறின இட்லி, பொரி, தயிர்சாதம். ஆறினா வாசனை குறையும். தண்ணி சாப்பாட்டோட வேணாம். அரை மணி தள்ளி வாய் வாயா. வாந்தி எடுத்ததும் பல் தேய்க்க விடாதீங்க, அமிலத்துல எனாமல் போயிடும். கொப்பளிச்சா போதும்.

முனிராஜ்: என்னைப் பார்த்தாலே ஓடறாளே?

சிஸ்டர்: ஷிப்ட் முடிச்சு நேரா வீட்டுக்குள்ள போறீங்க. மாங்கூழ் வாடை. குளிச்சுட்டுப் போங்க.

முனிராஜ்: அது தெரிஞ்சுதான் செண்ட் அடிச்சுட்டுப் போறேன்!

சிஸ்டர்: (தலையில் கை வைத்து) அது வேறயா!

முனிராஜ்: எப்ப நிக்கும்?

சிஸ்டர்: 9வது வாரத்தை ஒட்டி உச்சம். பெரும்பாலும் 16லிருந்து 20 வாரத்துக்குள்ள அடங்கும்.

முனிராஜ்: இவ்வளவு வாந்தின்னா பையன்தான்னு அம்மா. பொண்ணுதான்னு மாமியார். பந்தயமே நடக்குது.

சிஸ்டர்: வாந்தியை வெச்சு அதெல்லாம் சொல்ல முடியாது. ரெட்டைக் குழந்தைன்னா வாந்தி அதிகமா இருக்கலாம், அவ்வளவுதான்.

முனிராஜ்: ரெட்டையா! அப்ப ரெண்டு கிழவியும் ஜெயிச்சாங்க, பந்தயப் பணம் என் தலையில.