மெடிக்கல் கார்ட் எடுத்த அன்னைக்கே எல்லாம் கவர் ஆகாதுங்க

மலேசியாவுல மெடிக்கல் கார்ட், அதான் மருத்துவ இன்சூரன்ஸ், எடுக்குறது பத்தின உங்க கட்டுரையில பிரீமியம், ரூம் ரேட் எல்லாம் நல்லா போட்டிருக்கீங்க, ஆனா வெயிட்டிங் பீரியட் பத்தி ஒரு வரிகூட இல்லையே, நம்ம ஆளுங்க ரொம்ப பேரு மாட்டிக்கிறதே அதுலதான். முதல் 30 நாளைக்கு விபத்துக்கு மட்டும்தான் கவர், பிரஷர், சக்கரை, இருதயம், கேன்சர், கிட்னி கல்லுக்கெல்லாம் பொதுவா 120 நாள் பொறுக்கணும். பட்டர்வொர்த்ல எங்க சித்தப்பா புது கார்டோட கல்லு வலின்னு போய் அட்மிட் ஆனாரு, ஜிஎல் (பில்ல இன்சூரன்ஸ் கம்பெனி கட்டும்னு ஆஸ்பத்திரிக்குக் குடுக்குற உத்தரவாதக் கடிதம்) வராதுன்னுட்டாங்க, வலியில முனகிட்டு அவரு வீல்சேர்ல கிடக்க சித்தி கவுன்டர்ல நின்னு டெபாசிட்டுக்கு ஒவ்வொருத்தருக்கா போன் போட்டாங்க, பாக்க முடியல. ஏஜென்ட் இத முதல்லயே சொல்லியிருக்கணும்ல?

இன்னொன்னு, "சக்கரை இருக்குன்னு எழுதாதீங்க அங்கிள்"னு எந்த ஏஜென்ட் சொன்னாலும் தயவுசெஞ்சு கேக்காதீங்க. ஃபார்ம்ல கேட்டதுக்கு உண்மைய எழுதுறது நம்ம பொறுப்புன்னு 2013 நிதிச் சேவைச் சட்டத்துலயே இருக்கு, மறைச்சா க்ளைம் போயிடும், கையெழுத்து நம்மளோடதுதானே.

பாலிசி கைக்கு வந்ததும் பீரோவுல வைக்காம படிங்க, பிடிக்கலன்னா 15 நாளுக்குள்ள திருப்பிக் கொடுக்கலாம். 2024 செப்டம்பர்ல இருந்து கம்பெனிங்க கோ-பேமென்ட் ப்ளானும் (பில்லுல ஒரு பங்க நாமளே கட்டுறது) குடுக்கணும்னு மத்திய வங்கியான பேங்க் நெகாரா சொல்லிருக்கு, பிரீமியம் கம்மிதான், ஆனா பில்லுல நம்ம பங்கு எவ்வளவுன்னு கேட்டுட்டு கையெழுத்து போடுங்க.