நாட்டு மரமென்றால் மொட்டையா?

‘நாட்டு மரங்கள் கோடையில் மொட்டையாகிவிடும், ஆண்டு முழுவதும் பச்சை வேண்டுமென்றால் கோனோகார்ப்பஸ்தான்’ என்று உங்கள் பதிவில் எழுதியிருக்கிறீர்கள். கோனோகார்ப்பஸ் என்பது வெளிநாட்டிலிருந்து வந்த, வேகமாக வளரும் மரம். சரக்கொன்றையைப் பார்த்து எழுதினீர்களோ என்னவோ. அது உதிர்ப்பது உண்மை. ஆனால் சோழமண்டலக் கரையோரத்தின் இயற்கைக் காடே உலர் பசுமைமாறாக் காடுதான், அதாவது வறண்ட பகுதியிலும் ஆண்டு முழுவதும் இலையோடு நிற்கும் காடு. வீரை, பாலை, காயா மரங்கள் எல்லாம் அங்கே கோடையிலும் பச்சையாகவே நிற்கின்றன. காயா பூத்தால் கிளையெங்கும் நீலம்! கடற்கரை மணலுக்குப் புன்னை, உப்புக்காற்றுக்கு அசராது. கடலிலிருந்து தள்ளியிருக்கும் தோட்டத்துக்கு மகிழம்: அடர்ந்த நிழல், உலர்ந்த பின்னும் மணக்கும் பூ, பறவைகளுக்கு ஆரஞ்சு நிறப் பழம். இடம் குறைவென்றால் சிவப்பு வெட்சிச் செடி போதும். இவை மெதுவாக வளரும், அதை மறுக்கவில்லை. கோனோகார்ப்பஸ் வேகமாக வளர்வது உண்மைதான், ஆனால் அது நம் மண்ணின் மரமே அல்ல.