நாடா வாங்கப் போன வழி

இடம்: சென்னை, மாம்பலம் ரயில் நிலையத்துக்கு வெளியே, ரங்கநாதன் தெருவின் வாய்ப்பக்கம். தீபாவளிக்கு இன்னும் மூன்று வாரம். மாலை 5 மணி. ஊக்கு, ஹேர்பின், கர்ச்சீப், பாவாடை நாடா என்று ஒரு தார்ப்பாய் அகலத்தில் கடை விரித்திருக்கிறார் ஓர் அம்மா. மேற்கு மாம்பலத்திலிருந்து வந்து மூச்சு வாங்க நிற்கிறார் ஒரு சார். ஓய்வு பெற்றவர். கையில் துணிப்பை, பை காலி. இந்தத் தெருவில் காலிப் பையோடு ஒருவர் நிற்பதே சந்தேகத்துக்குரிய விஷயம்தான்.

சார்: ஏம்மா, வெள்ளை நாடா இருக்கிறதா? பாவாடை நாடா.

அம்மா: இருக்கும் சார். முதலில் அந்தப் படியில் உட்காருங்கள். ஏதாவது திருடனைத் துரத்திக்கொண்டு வந்தீர்களா?

சார்: நாடாவைத் துரத்திக்கொண்டு வந்தேன். மூன்றரை மணிக்கு வீட்டை விட்டுக் கிளம்பினேன்.

அம்மா: வீடு எங்கே? தாம்பரமா?

சார்: ஆரிய கௌடா சாலை.

அம்மா: அது தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம்தானே! ஊர்ந்து வந்தால்கூடப் பதினைந்து நிமிடம்.

சார்: நேராக வந்தால் பதினைந்து நிமிடம். என் வீட்டுக்காரி சொல்லி அனுப்பினாள்: "தீபாவளிக் கூட்டம், இடித்துத் தள்ளிவிடுவார்கள், மேலே பாலத்தில் போங்கள்" என்று. நானும் ஸ்டேஷன் படி ஏறி, அப்படியே ஆகாய நடைமேம்பாலத்தில் சேர்ந்துவிட்டேன். என்ன காற்று, என்ன வழவழப்பு! ஒருத்தன் இடிக்கவில்லை. நடந்தேன், நடந்தேன். இறங்கினால் தி.நகர் பஸ் நிலையம்.

அம்மா: பாலம் அங்கேதான் போகிறது.

சார்: ஆனால் நாடா அங்கே இல்லையே! 570 மீட்டர் நடந்தேன் அம்மா. வழியில் ஓர் ஊக்குக்கூடக் கண்ணில் படவில்லை. கீழே எட்டிப் பார்த்தால் கடை கடையாகத் தெரிகிறது. மொட்டை மாடியிலிருந்து பக்கத்து வீட்டுக் கல்யாணப் பந்தியைப் பார்க்கிற மாதிரி.

அம்மா: சரி, பஸ் நிலையத்திலிருந்து தெரு வழியாக வந்திருக்கலாமே?

சார்: வந்திருக்கலாம். கூட்டத்தைப் பார்த்துப் பயந்து மறுபடி பாலத்திலேயே ஏறி வந்தேன்.

அம்மா: அப்போது மொத்தம் 1,140 மீட்டர்.

சார்: கணக்கில் நீ கெட்டி.

அம்மா: நாடா விற்கிறவளுக்கு மீட்டர் கணக்கு தெரியாதா? பத்து ரூபாய்க்கு இரண்டரை மீட்டர். உங்கள் பாலம் மீட்டர் என்ன விலை?

சார்: (உற்சாகமாக, இப்படி யாராவது கேட்க மாட்டார்களா என்றுதான் பல வருடமாகக் காத்திருந்தார்) 2023 மே மாதம் முதலமைச்சர் ஸ்டாலின் திறந்தார். 28 கோடியே 45 லட்சம். அதை 570-ஆல் வகுத்தால், மீட்டருக்குக் கிட்டத்தட்ட 5 லட்சம்!

அம்மா: அம்மாடி! அகலம் எவ்வளவு?

சார்: 4.2 மீட்டர்.

அம்மா: என் தார்ப்பாய் ஒன்றரை மீட்டர். இதையே மேலே விரித்தால் நான் லட்சாதிபதி ஆகிவிடுவேன் போலிருக்கிறதே.

சார்: மேலேதான் விரிக்க விட மாட்டார்களே.

அம்மா: கீழே மட்டும் விடுகிறார்களா? சரி, சில்லறை எடுங்கள். தேடிப் பார்த்தேன், வெள்ளையில் இந்த ஒன்றுதான் மிச்சம். நாளைக்குப் பாரிமுனை போனால்தான் அடுத்த சரக்கு.

சார்: (500 ரூபாய் நோட்டை நீட்டுகிறார்)

அம்மா: பத்து ரூபாய்க்கு ஐந்நூறா! இதோ க்யூஆர் அட்டை, ஸ்கேன் பண்ணுங்கள்.

சார்: என்னுடையது பட்டன் போன்.

அம்மா: அது சரி. பாலத்துக்கு லிஃப்ட் வந்துவிட்டது, எனக்கு க்யூஆர் வந்துவிட்டது, உங்களுக்கு மட்டும் பட்டன். கொஞ்சம் இருங்கள், இரண்டு வியாபாரம் ஆகட்டும், சில்லறை சேர்ந்ததும் தருகிறேன். ஆமாம், பாலம் வந்ததும் உங்கள் தொழில் படுத்துவிட்டதா என்று கேட்க மாட்டீர்களா? எல்லாரும் அதைத்தான் கேட்கிறார்கள்.

சார்: கேட்கலாம் என்று நினைத்தேன், சங்கடமாக இருந்தது.

அம்மா: திறந்த புதிதில் எனக்கும் வயிறு கலங்கியது. ஜனமெல்லாம் தலைக்கு மேலேயே போய்விட்டால் கீழே யார் வாங்குவார்கள்? அப்புறம் பார்த்தால், ஒரு பொண்ணு மேலே படம் எடுக்கும்போது துப்பட்டா மாட்டிக் கிழிந்துவிட்டது. ஊக்கு வேண்டுமே! இறங்கி வந்தாள். இன்னொருவர் செருப்பு வார் அறுந்து, இறங்கி வந்தார். பை காது பிய்ந்தவர், வியர்வை துடைக்கக் கர்ச்சீப் இல்லாதவர்... எல்லாரும் கடைசியில் தரைக்கு வந்துதானே ஆக வேண்டும்?

சார்: நியாயம்.

அம்மா: ஊக்கு என்பது யாரும் எழுதி எடுத்துக்கொண்டு வந்து வாங்குகிற பொருள் இல்லை சார். காலில் இடறினால் வாங்குவது. என் நாத்தனார் பாண்டி பஜாரில் தரையில்தான் கடை போட்டிருந்தாள். 2013-இல் அங்கே இருந்தவர்களை எல்லாம் கட்டடத்துக்குள் அனுப்பினார்கள். தலைக்கு மேல் கூரை, மின்விசிறி, எல்லாம் உண்டு. வாங்குகிறவர்தான் இல்லை. ஹேர்பின் வாங்க எவளாவது மாடி ஏறுவாளா?

சார்: என் வீட்டுக்காரி ஏற மாட்டாள். என்னைத்தான் ஏற்றுவாள்.

அம்மா: அதேதான். நாத்தனார் மூன்று மாதம் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து தூங்கி, நாலு கிலோ ஏறினாள். மறுபடி தெருவுக்கு வந்து இளைத்தாள்.

சார்: இப்போது பாண்டி பஜார் அழகாகத்தானே இருக்கிறது? 2019-இல் நடைபாதையை அகலமாக்கி, கல் பாவி, உட்காரப் பெஞ்சு போட்டார்கள். நான் ஒருமுறை போனேன். பெஞ்சில் இடமே இல்லை.

அம்மா: யார் உட்கார்ந்திருந்தார்கள்?

சார்: புருஷன்மார்கள். ஆளுக்கு மூன்று பை. ஒருவரோடொருவர் பேசவில்லை. டாக்டர் வீட்டு வாசலில் டோக்கன் வாங்கிக்கொண்டு காத்திருக்கிற முகம். நான் நின்றதைப் பார்த்து ஒருவர் மட்டும் கொஞ்சம் நகர்ந்தார். "எந்தக் கடை?" என்று கேட்டார். "பட்டு" என்றேன். "அப்படியானால் நன்றாகவே சாய்ந்து உட்காருங்கள்" என்றார்.

(ஒரு பெண் கர்ச்சீப்பைப் புரட்டிப் பார்த்துவிட்டு, வாங்காமல் போகிறாள். சில்லறை சேரவில்லை.)

சார்: ஒன்று தெரியுமா அம்மா? நீ உட்கார்ந்திருக்கிறாயே, இந்தப் பக்கமெல்லாம் ஒரு காலத்தில் ஏரி.

அம்மா: தெரியுமே.

சார்: (ஏமாற்றத்துடன்) எப்படித் தெரியும்?

அம்மா: மழை பெய்தால் ஏரியே வந்து சொல்கிறதே. 2021 நவம்பரில் முழங்கால் வரை நின்று சொன்னது.

சார்: அது சரி. ஆனால் கதை தெரியாதே! 1920-களில், நீதிக்கட்சி ஆட்சியில், மாம்பலம் ஏரியைத் தூர்த்துத்தான் இந்த நகரையே அமைத்தார்கள். தியாகராயச் செட்டியார் பேரில் தியாகராய நகர். பானகல் அரசர் பேரில் பூங்கா. ஏரி போய் ஊர் வந்தது. 1931-இல் பீச்சிலிருந்து தாம்பரத்துக்கு மின்சார ரயிலும் வந்தது. அன்றைக்கு இந்த ஸ்டேஷனில் இறங்க ஆரம்பித்த ஜனம்தான், இன்னும் நிற்கவில்லை.

அம்மா: அப்படியானால் முதலில் தண்ணீரைக் காலி பண்ணினார்கள். இப்போது ஜனத்தைத் தூக்கி மேலே வைக்கிறார்கள். அடுத்து?

சார்: அடுத்தது பூமிக்குக் கீழே! மெட்ரோவுக்கு பானகல் பூங்காவிலிருந்து கோடம்பாக்கம் பக்கமாகச் சுரங்கம் தோண்டினார்களே, அந்த எந்திரத்துக்குப் பேர் என்ன தெரியுமா? மயில்.

அம்மா: மயிலா? பூமிக்கடியில் போகிறதற்கு எலி என்று வைத்திருக்கலாமே.

சார்: பெருச்சாளி என்று வைத்தால் திறப்பு விழாவுக்கு யார் வருவார்கள்?

அம்மா: பிள்ளையார் வருவார். அவருடைய வண்டியாயிற்றே. ஆக, மேலே ஒரு வழி, கீழே ஒரு வழி. உஸ்மான் ரோட்டில் வண்டி போக சி.ஐ.டி. நகர் வரை இரும்புப் பாலம் வேறு திறந்துவிட்டார்கள். நடுவில் இந்தத் தெரு மட்டும் அப்படியேதான் இருக்கிறது.

சார்: அப்படியே எங்கே இருக்கிறது? நான் வாலிபனாக இருந்தபோது இங்கே சைக்கிள் ஓட்டியிருக்கிறேன்.

அம்மா: இன்றைக்கும் ஓட்டலாம். ராத்திரி இரண்டு மணிக்கு வாருங்கள்.

(பட்டன் போன் அடிக்கிறது. பழைய காலத்து மணிச் சத்தம். பக்கத்துக் கடைக்காரர் வரை திரும்பிப் பார்க்கிறார்.)

சார்: ஆமாம்... வாங்கிவிட்டேன்... கையில் இருக்கிறது... இல்லை, கூட்டத்தில் இல்லை, பாலத்தில்தான் இருக்கிறேன்... சத்தமா? கீழே இருந்து வருகிறது... வெள்ளைதான்!

அம்மா: ஒரு நாடாவுக்கு எத்தனை பொய் சார்!

சார்: வாங்கினது மட்டும்தான் பொய். மற்றதெல்லாம் சூழ்நிலை.

அம்மா: உண்மையைச் சொல்லுங்கள். கூட்டத்துக்குப் பயந்தா பாலத்தில் போனீர்கள்? இங்கே வந்து அரை மணி நேரம் ஆகிறது, எழுந்திருக்கவே மாட்டேன் என்கிறீர்கள்.

சார்: சில்லறைக்குத்தானே காத்திருக்கிறேன்!

அம்மா: பக்கத்து ஜூஸ் கடையில் ஐந்நூறுக்குச் சில்லறை கேட்டால் தருவார்களே.

சார்: (கேளாதது போல) இந்தக் கர்ச்சீப் என்ன விலை?

(தெருக்கோடியிலிருந்து ஒரு விசில். வரிசையாக எல்லா விரிப்புகளும் நாலு மூலையும் சேர்ந்து மூட்டைகளாகின்றன. இந்த வேகத்தை வைத்துப் பார்த்தால், தெருவைக் காலி செய்யத் திட்டம் போட இவர்களையே கூப்பிட்டிருக்கலாம்.)

அம்மா: மாநகராட்சி வண்டி வருகிறது! எழுந்திருங்கள் சார்!

சார்: உன்னிடம் வியாபாரி அடையாள அட்டை இருக்கிறதே அம்மா? 2014 சட்டப்படி தெருவோர வியாபாரிகளுக்கு...

அம்மா: அட்டை இருக்கிறது. அட்டையில் போட்டிருக்கிற இடம் வேறு. சட்டமெல்லாம் அப்புறம் பேசலாம், இந்த மூட்டையைப் பிடியுங்கள்.

சார்: நானா?

அம்மா: வேட்டி, விபூதி, மூக்குக் கண்ணாடி. உங்களை யார் சந்தேகப்படுவார்கள்? லிஃப்டில் ஏறி மேலே போய் நில்லுங்கள். வண்டி போனதும் கை காட்டுகிறேன்.

சார்: மேலே வியாபாரம் கூடாதே!

அம்மா: வியாபாரம் யார் பண்ணச் சொன்னது? மூட்டையோடு நடக்கலாம் இல்லையா? போங்கள் சார்!

(சார் மூட்டையோடு லிஃப்டுக்குள் மறைகிறார். வண்டி வருகிறது, நிற்கிறது, போகிறது. இருபது நிமிடம். அம்மா மேலே பார்த்துக் கை காட்டிக் காட்டிக் கை வலித்த பிறகு, சார் இறங்கி வருகிறார். முகத்தில் ஒரு தனிப் பிரகாசம்.)

அம்மா: எங்கே சார் போய்விட்டீர்கள்? நான் போலீசில் எழுதிக் கொடுக்கலாமா என்று யோசித்தேன்.

சார்: மூட்டை முடிச்சு அவிழ்ந்துவிட்டது. குனிந்து பொறுக்கினேன். உடனே நாலு பேர் என்னைச் சுற்றி நின்று, "கர்ச்சீப் என்ன விலை?" என்றார்கள்.

அம்மா: ஐயையோ.

சார்: மூன்று 50 என்றேன். ஆறு போயிற்று. ஊக்கு அட்டை இரண்டு. அப்புறம் காவல்காரர் வந்தார். "சார், இங்கே கடை போடக்கூடாது" என்றார். "கடை எங்கே போட்டேன், நடந்துகொண்டிருக்கிறேன், நடக்கத்தானே கட்டியிருக்கிறது?" என்றேன். யோசித்தார். யோசித்துவிட்டு அவரும் ஒரு கர்ச்சீப் வாங்கினார். கடன்.

அம்மா: (மூட்டையை அவிழ்த்துப் பார்த்து) பரவாயில்லையே! சரி, இப்போது சில்லறை இருக்குமே. எடுங்கள் பத்து ரூபாய், நாடாவைத் தருகிறேன்... நாடா எங்கே சார்?

சார்: அதையும் ஓர் அம்மாள் கேட்டாள்.

அம்மா: வெள்ளையை விற்றுவிட்டீர்களா!

சார்: 30 ரூபாய்க்கு.

அம்மா: பத்து ரூபாய் நாடாவை முப்பதுக்கா?

சார்: மேலே மீட்டர் 5 லட்சம் அம்மா. விலை கொஞ்சம் கூடத்தான் செய்யும்.

(மணிச் சத்தம். இருவரும் போனைப் பார்க்கிறார்கள். யாரும் எடுக்கவில்லை.)

அம்மா: கறுப்பு நாடா இருக்கிறது.

சார்: வேண்டாம். அவள் வெள்ளை என்றால் வெள்ளைதான். நாளைக்கு எத்தனை மணிக்குச் சரக்கு வரும்?

அம்மா: பதினொன்றுக்கு. ஆனால் நீங்கள் நாலு மணிக்கு வாருங்கள் சார்.

சார்: ஏன்?

அம்மா: வண்டி நாலரைக்குத்தான் வரும்.